தேன்மெழுகில் பிறக்கும் சாமி: போடி மலைச்சரிவிலிருந்து சுவாமிமலை வரை

விடியற்காலை ஐந்து மணிக்கே போடிநாயக்கனூர் விழித்துவிடுகிறது. டீக்கடை பாய்லர்களில் ஆவி பறக்கிறது. சேலைக்கு மேல் பழைய சட்டையைப் போட்டுக்கொண்ட பெண்கள், கையில் தூக்குவாளியோடு ஜீப்புகளில் ஏறுகிறார்கள். முந்தலைத் தாண்டி, மலையேறி, கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அவர்கள் பறிக்கும் காய்தான் தோட்டத்து ஸ்டோரில் காய்ந்து, சாக்குமூட்டையாகி, இதே ஊருக்கு இறங்கி வருகிறது.

போடிக்கு 'ஏலக்காய் நகரம்' என்று பெயர். 'தென்னாட்டுக் காஷ்மீர்' என்றும் சொல்லிக்கொள்வார்கள். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கே இருக்கிறது. ஊருக்குள் சில தெருக்களில் நடந்தால், கடை எங்கே இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம். மூக்கே வழி காட்டும். கிடங்குகளில் பெண்கள் உட்கார்ந்து பருமன் பார்த்து, நிறம் பார்த்து காய்களைத் தரம் பிரிக்கிறார்கள்.

எங்கோ ஒரு வீட்டுப் பாயசத்தில் மணக்கிற ஏலக்காயை யார் கை பறித்தது, யார் கை பிரித்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஊரில் இன்னொன்றும் அப்படித்தான் இருக்கிறது. அது கோயிலில் இருக்கிறது.

பூவுக்குள் ஒளிந்த சிற்பி

திருவிழா நாளில் போடியின் தெருக்களில் சாமி புறப்பாடு வரும்போது வீட்டு வாசல்களில் கோலம் விரிகிறது. தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு குடும்பம் காத்திருக்கிறது. மாலைகளுக்கும் பட்டுக்கும் நடுவே உற்சவரின் முகம் மட்டும் தெரிகிறது. விளக்கொளியில் அந்த உதட்டோரப் புன்னகை கூடுவதும் குறைவதுமாக இருக்கும்.

கருவறையில் இருக்கும் மூலவர் கல். அவர் இடம் விட்டு நகர்வதில்லை. நடக்க முடியாதவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் வாசல் தேடிவந்து பார்ப்பதற்காகவே உலோகத்தில் உற்சவர் பிறந்தார். தோளில் தூக்கலாம், தேரில் ஏற்றலாம், அபிஷேகம் செய்யலாம். தமிழ்நாட்டில் உலோகச் சிற்பக்கலை இவ்வளவு உயரம் போனதற்கு இந்த வீதியுலாவே முக்கியக் காரணம்.

உற்சவருக்கு நகை செய்து போட்டவர் பெயர் ஊருக்குத் தெரியும். மண்டகப்படிக்காரர் பெயர் பத்திரிகையில் அச்சாகும். அந்தப் புன்னகையைச் செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மாலையும் பட்டும் களைந்த பிறகு தெரியும் இடுப்பின் வளைவையும், விரல் மடங்கிய அழகையும் குருக்கள் பார்த்திருப்பார். அவருக்கு முன்னால் பார்த்தவர், அதைச் செய்த ஸ்தபதி.

அந்த ஸ்தபதியைத் தேடிப் போனால் வழி காவிரிக் கரைக்குத்தான் போகும். ஆனால் அதற்கு முன், போடிக்கு மேலே இருக்கும் மலையைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால், ஒரு வெண்கலச் சிலை முதலில் உலோகமாகப் பிறப்பதில்லை. அது மெழுகாகப் பிறக்கிறது.

பதினேழு வளைவுகளும் ஒரு பூவும்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. 17 கொண்டை ஊசி வளைவுகள். முந்தல் சோதனைச்சாவடி வரை புளியமரமும் மாந்தோப்பும் வெயிலும். ஏற ஏறக் காற்று மாறுகிறது. 1,300 மீட்டர் உயரத்துக்கு மேல் போய்ப் போடிமெட்டில் நின்று திரும்பிப் பார்த்தால், போடியும் அதைத் தாண்டிய சமவெளியும் கீழே பாய் விரித்தது போலத் தெரியும். எதிர்ப்பக்கம் முழுக்க மரநிழல். அந்த நிழலுக்குள்தான் ஏலச்செடி வளர்கிறது.

ஏலச்செடியை முதல் தடவை பார்ப்பவர்கள் மேலே அண்ணாந்து காயைத் தேடுவார்கள். காய் அங்கே இருக்காது. செடியின் அடித்தூரில், தரையை ஒட்டி நீளும் சரங்களில்தான் பூவும் காயும். வெள்ளையாக, நடுவில் ஊதாக் கோடுகளோடு சின்னஞ்சிறு பூ. அதிகாலையில் விரியும், ஒரே நாளில் அதன் ஆயுசு முடிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் இல்லையென்றால் இந்த மலையின் பொருளாதாரமே இல்லை. அதனால் தோட்டத்துக்குள் தேனீப் பெட்டி வைக்கிறவர்களும் உண்டு.

தேனீ தேனை மட்டும் தருவதில்லை. இளம் வேலைக்காரத் தேனீக்களின் வயிற்றின் அடியில் சுரக்கும் மெழுகால்தான் அடை கட்டுகிறது. மலையில் வாழும் பளியர் மக்கள் தலைமுறைகளாகப் பாறை இடுக்கிலும் மரக்கிளையிலும் தேன் எடுத்து வந்தவர்கள். தேனைப் பிழிந்த பிறகு மிஞ்சும் அடையை உருக்கி வடிகட்டினால் கிடைப்பது தேன்மெழுகு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளில் இன்னொரு பொருளும் கிடைக்கிறது: குங்கிலியம். மரத்தின் காயத்திலிருந்து வடிந்து இறுகும் பிசின். வீட்டில் சாம்பிராணியோடு தூபம் போடும்போது மணக்குமே, அதேதான்.

இந்த இரண்டும்தான் சிற்பியின் முதல் மூலப்பொருள். தேன்மெழுகையும் குங்கிலியப் பொடியையும் கொஞ்சம் கடலை எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சினால், விரலுக்கு வளையும், குளிர்ந்தால் உருவம் குலையாமல் நிற்கும் ஒரு பதம் கிடைக்கிறது. மெழுகு மட்டும் என்றால் வெயிலுக்குத் துவளும். குங்கிலியம் அதற்கு முதுகெலும்பு. எண்ணெய், அது நொறுங்காமல் பார்த்துக்கொள்கிறது.

ஆற்றங்கரையில் வார்க்கப்படும் சாமிக்கு மலைக்காடு போட்ட முதல் முதலீடு அது.

செம்பில் எழுதியவர்கள்

மலையிலிருந்து இறங்கித் தெற்கே திரும்பினால் கம்பம் பள்ளத்தாக்கு. நெல்வயல், தென்னை, திராட்சைப் பந்தல் என்று பச்சை மாறிக்கொண்டே போகும் வழியில் இருக்கிறது சின்னமனூர். தமிழ்நாட்டு வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் உடனே நினைவுக்கு வரும். பாண்டியர் காலத்துச் சின்னமனூர்ச் செப்பேடுகள் இங்கே கிடைத்தவை. மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதம் தமிழில் ஆக்கப்பட்டதையும் பாண்டியர்களின் பெருமையாகச் சொல்லும் செப்பேடு இதுதான்.

தகடாக அடித்த செம்பின் மீது உளியால் எழுத்தை வெட்டுவது எளிய வேலை இல்லை. ஓலையில் தவறினால் ஓலையை மாற்றலாம். செம்பில் தவறினால் அந்தத் தவறும் ஆயிரம் வருஷம் இருக்கும். சிலை செய்தவரும் செப்பேடு வெட்டியவரும் வேறு வேறு வேலை செய்தாலும், இருவருக்கும் உலோகம் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே: கை வைப்பதற்கு முன் மனசுக்குள் முழுசாக முடித்துவிட வேண்டும்.

சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர்

சின்னமனூரைத் தாண்டி, கம்பம், கூடலூர் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். இங்கே ஒரு மணிமண்டபம். உள்ளே வெண்கலத்தில் நிற்பவர் கர்னல் ஜான் பென்னிகுவிக். 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரைக் கிழக்கே திருப்பி, மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு இறக்கியவர். இந்த மணிமண்டபம் 2013-ல் அவர் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது.

தேனி மாவட்டத்தில் பல வீடுகளிலும் கடைகளிலும் சாமி படத்தின் வரிசையிலேயே இவர் படமும் மாட்டியிருக்கும். பாலார்பட்டியில் தைப்பொங்கல் சமயத்தில் இவர் பெயரிலேயே பொங்கல் வைக்கிறார்கள். 2022-ல், அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த இங்கிலாந்தின் கேம்பர்லி நகரிலும் தமிழ்நாட்டு அரசின் முயற்சியால் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

உற்சவருக்கும் இந்தச் சிலைக்கும் உலோகம் ஒரே குடும்பம்தான். சிற்பியின் சவால் வேறு. சாமிக்குக் கண் எப்படி இருக்க வேண்டும் என்று சிற்பநூல் சொல்கிறது: மீன்போல, தாமரை இதழ்போல. பென்னிகுவிக்கின் கண் எப்படி இருந்தது என்பதைப் பழைய புகைப்படம்தான் சொல்ல வேண்டும். சாமியில் சிற்பி அளவுக்குக் கட்டுப்படுகிறார். மனிதரில் சாயலுக்குக் கட்டுப்படுகிறார். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டுக்கும் மாலை விழுகிறது. மாலை போடுகிறவர்கள் இரண்டிலும் சிற்பியின் பெயரைக் கேட்பதில்லை.

ரயிலேறி ஆற்றங்கரைக்கு

போடியிலிருந்து மதுரைக்கு 1928-ல் வந்த ரயில்பாதை ஏலக்காயை வெளியுலகுக்குச் சுமந்த பாதை. மீட்டர் கேஜை அகலப் பாதையாக்குவதற்காக 2010-ன் கடைசியில் ரயில் நின்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஊருக்கு 2023 ஜூனில் மறுபடியும் ரயில் வந்தது. அந்த ரயிலில் மதுரை வந்து, அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் சேர்ந்தால், சில கிலோமீட்டரில் சுவாமிமலை. முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. தந்தைக்கே பாடம் சொன்ன பிள்ளை குடியிருக்கும் ஊரில், தந்தையிடம் பாடம் கேட்ட பிள்ளைகளால் ஒரு கலை நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய காலத்தில் வந்த சிற்பிகள், அதன் பிறகு தாராசுரத்தில் வேலை செய்தவர்கள், கடைசியில் இங்கே தங்கிவிட்டார்கள் என்று ஸ்தபதி குடும்பங்கள் சொல்கின்றன. தங்கியதற்கு அவர்கள் சொல்லும் காரணம், காவிரியின் வண்டல் மண். மாவு போன்ற மெல்லிய மண். மெழுகின் மேல் பூசினால் கைரேகையைக்கூடப் பிடித்துக்கொள்ளும்.

பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஓர் ஓலைத் துண்டு. சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறித்த ஓலை. ஒடியோலை என்பார்கள். உத்தம தசதாலம் என்ற கணக்கில் உருவத்தின் உயரம் 124 பங்காகப் பிரிகிறது. முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, தொடைக்கு இவ்வளவு என்று அந்த ஓலை மடிப்பே சொல்லிவிடும். அரை அடிச் சிலையோ ஆறடிச் சிலையோ, மடிப்பு மாறாது. அளவுநாடா தேவையில்லை.

பிறகு மெழுகு. தலை, உடல், கை, கால் எல்லாம் தனித்தனியாகச் செய்து, சூடான இரும்புக் கம்பியால் ஒட்டவைக்கிறார்கள். நகையும், ஆடையின் மடிப்பும், விரல் நகமும் மெழுகிலேயே வந்துவிட வேண்டும். அதன் மேல் மூன்று பூச்சு மண். முதல் பூச்சு மென்மையான வண்டல். அடுத்தடுத்த பூச்சுகளில் வயல் களிமண்ணும் மணலும். பெரிய சிலையானால் இரும்புக் கம்பி கட்டிப் பலப்படுத்துவார்கள். நிழலில் உலர விட்டு, வறட்டி அடுக்கி மண் அச்சைச் சுடும்போது, உள்ளே இருந்த மெழுகு உருகித் துளை வழியாக வெளியே ஓடிவிடுகிறது.

வாரக்கணக்கில் ஒருவர் தன் விரலால் செய்த உருவம் அந்த நிமிஷம் இல்லாமல் போகிறது. மண்ணுக்குள் மிஞ்சுவது அதன் வெற்றிடம் மட்டுமே. அந்த வெற்றிடத்தில்தான் உருகிய உலோகம் இறங்குகிறது. பெரும்பங்கு செம்பு, அதோடு பித்தளை, கொஞ்சம் ஈயம், பெயருக்குத் துளி தங்கமும் வெள்ளியும். மெழுகைவிட உலோகம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம். அதனால் மெழுகின் எடையை வைத்தே எவ்வளவு உலோகம் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். உலை கொதிக்கும் அந்த நேரத்தில் பட்டறையில் பேச்சு நின்றுவிடும். ஊற்றுவது நடுவில் தடைப்பட்டாலோ, உள்ளே காற்று அடைபட்டாலோ எல்லா உழைப்பும் வீண். மறுபடியும் மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆறிய பிறகு மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். அச்சு போய்விட்டது, மெழுகு முன்பே போய்விட்டது. அதனால் ஒவ்வொரு சிலையும் ஒரே ஒரு சிலைதான். அதே அளவில், அதே கையால் இன்னொன்று செய்தாலும் அது இன்னொரு பிறவி. அதன் பிறகு உளியும் அரமும் கொண்டு நுணுக்க வேலை. கடைசியில் கண் திறப்பு. அதுவரை அது உலோகம். கண் திறந்த பிறகு ஸ்தபதியே அதைக் கும்பிடுவார்.

தண்ணீர் கேட்ட விருந்தாளி

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கோனேரிராஜபுரத்தில் ஆளுயரத்தைவிடப் பெரிய நடராஜர் இருக்கிறார். அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். பெரிய நடராஜர் வேண்டும் என்பது அரசன் கட்டளை. சிற்பி எத்தனை தடவை வார்த்தும் சிலை சரியாக வரவில்லை. கெடு நெருங்குகிறது. உலையில் உலோகம் கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வயதான தம்பதி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள். நொந்துபோயிருந்த சிற்பி, "இதோ இருக்கு உலையில, வேணும்னா எடுத்துக் குடிங்க" என்று சொல்லிவிடுகிறார். பெரியவர் நிஜமாகவே எடுத்துக் குடித்தார்; குடித்தவர் நடராஜராக நின்றுவிட்டார்.

கதையைக் கேட்பவர்கள் ஈசனின் கருணையை நினைத்து உருகுவார்கள். பட்டறைக்காரர்கள் கேட்டால் அந்தச் சிற்பியின் எரிச்சலை நினைத்துச் சிரிப்பார்கள். வார்ப்பு தோற்ற இரவு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய கதையிலும் அந்தச் சிற்பி வெறும் 'சிற்பி'தான். பெயர் பேசப்படுவதில்லை.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரும் அப்படித்தான். காளையின் மேல் கை வைத்துச் சாய்ந்து நிற்கும் பாவனையில் சிவன். பக்கத்தில் காளை இல்லாமலே காளை தெரிகிறது. 1011-ல் இதைக் கோயிலுக்குக் கொடுத்தவர் கோலக்கவன் என்று கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தவர் பெயர் ஆயிரம் வருஷமாக இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை.

பெயர் கிடைத்த பாதை

சிற்பிக்குப் பெயர் கிடைத்த கதை சென்னையில் தொடங்குகிறது. 1929-ல் சென்னை கலைப்பள்ளியின் தலைமைக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளத்துக்காரர். மெரினா கடற்கரையில் நான்கு பேர் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1959-ல் அங்கே நிறுவப்பட்டது. அரசனும் இல்லை, சாமியும் இல்லை. கடப்பாரை பிடித்த கூலித் தொழிலாளிக்கு உலோகத்தில் இடம் கொடுத்த சிலை. போடியிலிருந்து ஜீப்பில் மலையேறுகிறவர்கள் சென்னைக்குப் போனால் அங்கே நின்று பார்க்கலாம். அந்தத் தோள்களில் தெரிகிற களைப்பு அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

அந்தக் கலைப்பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர் எஸ். தனபால். பெரியாரின் தலையை வெண்கலத்தில் வடித்தவர். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் பி.வி. ஜானகிராம். மெழுகு, அச்சு, உலை எதுவும் இல்லாமல் செம்புத் தகட்டையே வெட்டி, அடித்து, வளைத்து, கம்பியைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். முன்பக்கத்தை மட்டுமே பார்க்கும்படி நிற்கும் அந்தச் சிற்பங்களில், கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தின் சாயல் உண்டு. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் கலை கிராமத்தை உண்டாக்கினார்கள். பாத்திக் துணி வேலை போன்ற கைவினைகளை விற்றுத்தான் அங்கே வயிற்றைக் கழுவினார்கள். மிச்ச நேரத்தில் கலை. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் அங்கேயே இருந்து செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துப் புராண உருவங்களைப் புது வடிவில் செய்தார். 2017-ல் மறைந்தார்.

சுவாமிமலை ஸ்தபதி, தன் பெயர் சிலையில் தெரியக்கூடாது என்று வளர்ந்தவர். சோழமண்டலச் சிற்பி, தன் பெயரைச் சொல்லும்படியாக ஒரு பாணி வேண்டும் என்று தேடியவர். ஒருவருக்கு நூல் சொன்ன அளவு. இன்னொருவருக்குத் தன் மனசு சொன்ன அளவு. இரண்டு பேருக்குமே வாடகை, அரிசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்ற அளவுகள் பொது.

இப்போது சுவாமிமலைக்காரர்களின் பெயரும் வெளியே வரத் தொடங்கியிருக்கிறது. 2023-ல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராஜர், சுவாமிமலை ராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் அவருடைய குழுவினரும் செய்தது. அஷ்டதாதுவில், 18 டன் எடையில், அதே மெழுகு வார்ப்பு முறையில் ஏழு மாதத்தில் முடித்தார்கள். சோழர் காலத்திலிருந்து முப்பத்து நான்கு தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவரும் குடும்பம் என்று அப்போது செய்தி வந்தது. முப்பத்து மூன்று தலைமுறை பெயரில்லாமல் செய்ததற்கு முப்பத்து நான்காவது தலைமுறையில் ஊர் உலகம் பெயர் சொன்னது.

போடிப் பையனுக்கு வழி உண்டா?

ஸ்தபதி வீட்டில் பிறந்தால்தான் இந்த வேலை என்ற காலம் போய்விட்டது. மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957-ல் தொடங்கியது. பாரம்பரியச் சிற்பத்தை அங்கே பட்டப்படிப்பாகவே படிக்கலாம். கல், உலோகம், மரம் என்று பிரிவுகள் உண்டு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சுவாமிமலையில் பூம்புகார் நிறுவனத்தின் உற்பத்தி மையம் இருக்கிறது. சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. படம் வரைவதில் கை ஓடுகிற, ப்ளஸ் டூ முடித்த ஒரு போடிப் பையனுக்கோ பெண்ணுக்கோ கதவு திறந்தே இருக்கிறது.

கதவைத் தாண்டிய பிறகுதான் பாடு. ஒரு சிலைக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். செம்பின் விலை சிற்பி கையில் இல்லை. ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி, ஒரே மாதிரி நூறு சிலை எடுத்துக் குறைந்த விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். பரிசுப் பொருள் கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தெரியாததற்கு அவர்மேல் குறை சொல்ல முடியாது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பார்க்க ஒரு எளிய வழி உண்டு. முதுகுப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கையால் மெழுகு கட்டிச் செய்த சிலையில், யாரும் பார்க்காத முதுகிலும் சடையின் பின்னலும் ஆடையின் முடிச்சும் கவனமாக இருக்கும். விரல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். அவசரத்துக்கு எடுத்த சிலையில் முகத்துக்கு இருக்கும் அக்கறை முதுகுக்கு இருக்காது. அதைவிட எளிய வழி, "இதைச் செஞ்சது யாருங்க?" என்று கேட்பது. பெயர் சொல்லக்கூடிய கடையில் வாங்கினால், அந்தப் பணத்தில் ஒரு பங்காவது பட்டறைக்குப் போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது.

பொழுது சாயும் போடி

மாலையில் ஜீப்புகள் மலையிலிருந்து இறங்குகின்றன. முந்தல் பக்கம் விளக்கு வரிசையாக வளைந்து வருவது ஊரிலிருந்தே தெரிகிறது. காலையில் போன பெண்கள் தூக்குவாளியோடு இறங்கி, கடையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு தெருவுக்குள் போகிறார்கள். அவர்கள் கடந்து போகும்போது காற்றில் ஏலக்காய் வாசனை வந்து போகிறது. மலையில் இன்று விரிந்த பூவெல்லாம் இந்நேரம் வாடியிருக்கும். தேனீ வந்து போன பூவில் காய் பிடித்திருக்கும்.

தெருமுனையில் மேளம் கேட்கிறது. சாமி வருகிறது. பால் பாக்கெட்டையும் தூக்குவாளியையும் கீழே வைத்துவிட்டு அவர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். மலையில் உருண்டையாய்க் கிடைத்த மெழுகுக்கும் பிசினுக்கும், ஆற்றங்கரையில் ஒருவர் கொடுத்த உருவம் அவர்களுக்கு எதிரே ஒரு நிமிஷம் நிற்கிறது. தீபாராதனை வெளிச்சத்தில் அந்தப் புன்னகை கூடிக் குறைகிறது.

அடுத்த தடவை போடிக்குப் போகிறவர்கள் ஏலக்காய் வாங்காமல் வரமாட்டார்கள். அப்படியே ஒரு கோயிலுக்குள் போய் உற்சவரைச் சேவித்துவிட்டு, குருக்களிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: "சாமி எந்த ஊர்ல செஞ்சது? யார் செஞ்சது?" அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும், கேட்ட பிறகு அவரும் யாரிடமாவது கேட்பார்.